முயலுக்கு ஏன் கொசுவலை?

ஆஸ்திரேலியாவில் செல்ல முயல் வளர்க்கிறவங்க கூண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டுவாங்க. நாய், நரி வராம இருக்கக் கம்பிவலை சரி. கொசுவுக்கு எதுக்குங்க வலை? இதைத் தேடிப் போனா கதை 1859-க்கு இழுத்துட்டுப் போகுது.

அந்த வருஷம் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார், வேட்டையாடிப் பொழுது போக்கறதுக்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்களைக் கப்பலில் வரவழைத்தார். விக்டோரியாவில் இருந்த அவருடைய பார்வன் பார்க் பண்ணைக்குத்தான் அவை வந்தன. அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. ஐம்பதே வருஷத்தில் கண்டத்தின் மறுகோடி வரை முயல். மேற்கு ஆஸ்திரேலியா 1907-க்குள் 1,833 கிலோமீட்டருக்கு வேலியே போட்டுப் பார்த்தது. ம்ஹூம், முயலா நிக்கும்?

இதுக்கு நடுவுல, 1896-ல் உருகுவே நாட்டில் சனரெல்லி என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூட முயல்கள் திடீர்னு செத்து விழுந்தன. கண் வீங்கி, சீழ் வடிந்து, பரிதாபமான சாவு. மிக்ஸோமா என்ற வைரஸின் வேலை அது. தென் அமெரிக்கக் காட்டு முயலுக்கு இது வந்தா சின்னதா ஒரு கட்டி, அவ்வளவுதான். ஐரோப்பிய முயலுக்கு வந்தா எமன். கொசுவும் தெள்ளுப்பூச்சியும்தான் இதைப் பரப்புகின்றன.

ஆஸ்திரேலிய அரசு 1950-ல் இந்த வைரஸை முர்ரே ஆற்றுப் பகுதியில் வேண்டுமென்றே பரப்பியது. முதலில் ஒண்ணும் நடக்கலை. டிசம்பரில் கொசு பெருகியதும் பற்றிக்கொண்டது. சுமார் 60 கோடி முயல்கள் இரண்டே வருஷத்தில் 10 கோடி ஆயின என்பது கணக்கு. அதே சமயம் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வர, ஜனங்க வைரஸ் மேல சந்தேகப்பட்டாங்க. பர்னெட், ஃபென்னர், கிளூனிஸ் ராஸ் மூணு பேரும் தங்கள் உடம்பிலேயே அந்த வைரஸை ஊசி போட்டுக்கொண்டு, மனுஷனுக்கு ஆபத்தில்லைன்னு காட்டினார்கள். தில்லான ஆளுங்க!

இப்ப விஷயத்துக்கு வருவோம். உலகத்தில் வளர்க்கப்படும் செல்ல முயல் எந்த நிறமா இருந்தாலும், காது தொங்கினாலும், எல்லாம் ஐரோப்பியக் காட்டு முயலின் வாரிசுதான். வயலை மேயறது எது, மடியில தூங்கறது எதுன்னு வைரஸுக்குத் தெரியாது. தப்பிப் பிழைத்த காட்டு முயல்களுக்குத் தலைமுறை தலைமுறையாக எதிர்ப்புச் சக்தி வளர்ந்தது. வீட்டு முயலுக்கு அதுவும் கிடையாது.

பிரிட்டனில் இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆஸ்திரேலியாவில் அனுமதி இல்லை. உயிருள்ள தடுப்பூசி காட்டு முயல்களுக்கும் பரவி, அவற்றுக்கும் பாதுகாப்பு கொடுத்துடுமோ என்ற பயம். விவசாயிகள் பக்கத்து நியாயம் புரியுது. ஆனா வளர்க்கிறவங்க நிலைமை?

கூண்டுக்குக் கொசுவலை. பொழுது சாய்ந்தால் முயல் வீட்டுக்குள்ளே. வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கக் கூடாது. பூனை, நாய் இருந்தா அதுங்களுக்கும் தெள்ளுப்பூச்சி மருந்து. காட்டு முயல் மேயற இடத்துப் புல்லைப் பறிச்சுப் போடக் கூடாது. கண் வீங்கினா உடனே டாக்டர்.

யாரோ வேட்டைக்குக் கொண்டுவந்தார், அரசு வைரஸை விட்டது. ரெண்டுக்கும் சேர்த்து, ஒண்ணும் அறியாத செல்ல முயல் ஒன்று கொசுவலைக்குள்ள உட்கார்ந்து காரட் கடிச்சிட்டிருக்கு. தடுப்பூசி கொடுத்தா வயல் போகும், கொடுக்கலைன்னா முயல் போகும். நீங்களா இருந்தா எந்தப் பக்கம்? என் ஓட்டு முயலுக்குத்தான் :-)