வந்த வழி

திருச்சி என்.ஐ.டி.க்கு ஆர்.இ.சி. என்று பெயர் இருந்த காலத்திலேயே, 1975-ல் தொடங்கியது 'ஃபெஸ்டெம்பர்'. மாதத்தைப் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கும் கலைவிழா. இது மாதிரி விழா வந்தாலே வீட்டிலிருந்து போன் மேல் போன் வரும். "கண்டதையும் குடிக்காதே, யார் பைக்லயும் ஏறாதே, பத்து மணிக்குள்ள ஹாஸ்டலுக்குப் போயிடு!"

நியாயமான கவலைதான். ஆனால், "அந்த ஹாலுக்கு எத்தனை வாசல்டி?" என்று எந்த அம்மாவும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. திருச்சிக்காரர்கள் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால், இந்த ஊருக்கு அந்தப் பாடம் ரொம்பப் பழசு.

மலைக்கோட்டை ஏறியிருப்பீர்கள். உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க நானூறுக்கும் மேலே படிகள். பாதி வழி பாறையைக் குடைந்த மாதிரி, இரண்டு பக்கமும் சுவர், தலைக்கு மேலே கூரை. 1849-ல் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் திடீரென்று பீதி கிளம்பியது. மேலே இருந்தவர்கள் கீழே ஓட, நடுவில் இருந்தவர்களுக்கு ஒதுங்க இடமில்லை. சுமார் 250 பேர் நசுங்கிச் செத்தார்கள். வெள்ளைக்காரர்கள் எழுதிய பழைய கையேடுகளில் மலைக்கோட்டை பற்றிச் சொல்லும்போது, இதையும் ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். 250 உயிருக்கு ஒரு வரி!

அங்கிருந்து காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வாருங்கள். 2004, ஜனவரி 23. பத்மப்ரியா கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நேரம். மேலே கீற்றுப் பந்தல், அதை மறைக்க அலங்காரத் துணி. கல்யாணத்தைப் படம் பிடிக்க வீடியோ கேமரா, அதற்குப் பளீரென்று விளக்கு. அந்த ஒயரில் மின்கசிவு. தை மாசத்துக் காய்ந்த கீற்று, சொல்லவா வேண்டும்? மாப்பிள்ளை உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மேளம் கேட்டு அட்சதை போட வந்த உறவுக்காரர்கள்!

இத்தனைக்கும் அங்கே யாரும் குடிக்கவில்லை, கூத்தடிக்கவில்லை. கீற்று, துணி, ஒயர், குறுகலான மாடிப்படி... இவ்வளவுதான் தேவைப்பட்டது. ஆறு மாசம்கூட ஆகவில்லை, ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் மறுபடியும் கீற்றுக் கொட்டகை, மறுபடியும் குறுகல் படி. 94 குழந்தைகள். அதற்கப்புறம்தான் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரைகளைப் பிரிக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. கல்லூரிகளின் ஹாஸ்டல் டே ஷாமியானாவையும், அதைச் சுற்றிச் சுருட்டிக் கட்டும் சீரியல் பல்புகளையும் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஸ்ரீரங்கம்தான் ஞாபகம் வருகிறது.

நம்மூர் மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் பாஸ்டனில், 1942 நவம்பர் 28 அன்று, 'கோகனட் க்ரோவ்' கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் செத்தார்கள். 460 பேருக்கு அனுமதி பெற்ற இடத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர். வாசலில் சுழல் கதவு. அது இரண்டு பக்கமும் ஆட்கள் முட்டியதில் சிக்கி நின்றுவிட்டது. பக்கத்துக் கதவுகளில் சில பூட்டியிருந்தன. காசு கொடுக்காமல் யாராவது நழுவிவிடுவார்களே! அன்றைக்கு அங்கே விருந்து வைத்துக் கொண்டாடுவதாக இருந்த பாஸ்டன் காலேஜ் ஃபுட்பால் அணி, மேட்சில் 55-12 என்று படுதோல்வி அடைந்ததால் மனசு வெறுத்து வரவில்லை. தோற்றதால் பிழைத்தார்கள்.

சரி, அதிலிருந்து உலகம் கற்றுக்கொண்டுவிட்டதா? எழுபது வருஷம் கழித்து, 2013 ஜனவரி 27 அதிகாலை, பிரேசிலின் சான்டா மரியா என்கிற பல்கலைக்கழக ஊர். மாணவர்கள் ஏற்பாடு செய்த பார்ட்டி, 'கிஸ்' என்ற க்ளப்பில். பாடிக்கொண்டிருந்த குழு ஒரு மத்தாப்பைக் கொளுத்தியது. திறந்தவெளியில் கொளுத்த வேண்டிய ரகம். பொறி கூரையில் ஒட்டியிருந்த, சத்தத்தை அடக்கும் ஃபோமில் பட்டது. ஃபோம் எரிந்தால் வருவது வெறும் புகையல்ல, விஷம். வாசல் ஒன்றுதான். அங்கே நின்ற காவலாளிகள் முதலில் வெளியே விடவில்லை. பில் கட்டாமல் ஓடுகிறார்கள் என்று நினைத்தார்களாம்! 1942-ல் பூட்டிய அதே பூட்டு, இந்தத் தடவை மனுஷ உருவத்தில். இருட்டில் கழிவறைக் கதவை வெளி வாசல் என்று நம்பி உள்ளே போனவர்கள் பலர் அங்கேயே கிடந்தார்கள். மொத்தம் 242 பேர். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயசு.

தீயே வேண்டாம், மழை போதும் என்று காட்டியது கொச்சி. 2023 நவம்பர் 25, குசாட் பல்கலைக்கழகத்தின் 'திஷ்ணா' விழா. திறந்தவெளி அரங்கம், நுழைந்த உடனே கீழே இறங்கும் படிகள். கச்சேரி இன்னும் ஆரம்பிக்கவில்லை. மழை தூற, வெளியே நின்ற கூட்டம் ஒரே வாசல் வழியாக உள்ளே பாய்ந்தது. முன்னால் போனவர்கள் படியில் விழுந்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியாது, தள்ளிக்கொண்டே இருந்தார்கள். நான்கு பேர் போய்விட்டார்கள், மூன்று பேர் அங்கேயே படித்தவர்கள்.

இந்த மாதிரி நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்றபடியே, நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டிச் சாகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் ஆகிவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். நீங்கள் நடப்பதில்லை, அது உங்களை நடத்தும். அதனால் கவலைப்படுகிற அம்மாக்கள் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளே போனதும், வந்த வழியைத் தவிர இன்னொரு வழி எங்கே என்று பார்த்து வை. பயத்தில் எல்லாரும் வந்த வழிக்குத்தான் ஓடுவார்கள். இரண்டு பக்கமும் தோள் இடிக்க ஆரம்பித்தாலே கிளம்பிவிடு, பிடித்த பாட்டாக இருந்தாலும். கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் குத்துச்சண்டைக்காரன் மாதிரி இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வை, மூச்சுக்கு இடம் கிடைக்கும். எதிர்த்துத் தள்ளாதே. அலை கொஞ்சம் ஓய்கிற நேரத்தில் குறுக்கே, ஓரத்துக்கு நகர். புகை வந்தால் குனிந்து போ. குடித்திருக்கிற நண்பனைத் தனியாக விடாதே, அவனுக்குத் திசையும் தெரியாது, முதலில் விழுபவனும் அவன்தான்.

செல்போன் கீழே விழுந்தால் எடுக்கக் குனியாதே. செருப்பும் போகட்டும்.