இழந்த வாலும் மீளும் ஒழுங்கும்: சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து ஒரு நோக்கு

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழ்வோருக்குப் பல்லியின் வால் புதிய செய்தியன்று. லயச் சுவரிலிருக்கும் பல்லியை அடிக்க முற்பட்டால் வால் மாத்திரம் நிலத்தில் விழுந்து துடிக்கும். பல்லியோ கூரையிடுக்கில் மறைந்துவிடும். இறப்பர் மரத்தடிச் சருகிலே திரியும் அரணைக்கும் இவ்வியல்பு உண்டு. சில வாரங்களில் வால் மீள வளரத்தான் செய்கின்றது. ஆயினும், பழைய வால் முடிந்து புதிய வால் தொடங்கும் இடம் நிறத்தினாலும் செதிலமைப்பினாலும் வேறுபட்டுத் தெரியும். வெறுங்கண்ணுக்குப் புலப்படும் இவ்வேறுபாட்டினுள்ளே உயிரியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று அடங்கியுள்ளது. இழந்த உறுப்பு மீள வளரும்போது அதன் உள்ளொழுங்கும் மீள்கின்றதா? இவ்வினா கடந்துவந்த வழியைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது மரபு பல்லியைக் கவனியாது விட்டதில்லை. பல்லி சொல்லுக்கும் பல்லி விழுந்த இடத்திற்கும் பலன் கூறும் பகுதி பஞ்சாங்கங்களில் இன்றும் அச்சாகின்றது. சிங்கள மக்களிடையேயும் பல்லிச் சாத்திரம் வழங்கிவருவதால், இந்நம்பிக்கை ஓர் இனத்திற்கு மாத்திரம் உரியதன்று என்பது தெளிவு. நஞ்சற்ற அரணையைக் குறித்து, அது கடித்தால் மரணம் என்ற பழமொழியும் எம்மவரிடையே நிலைத்துவிட்டது. இங்கெல்லாம் நுணுக்கமான அவதானம் இருந்தது. ஆனால் கேட்கப்பட்ட வினா 'என்ன பலன்' என்பதாக இருந்தமையால், 'எவ்வாறு நிகழ்கின்றது' என்ற வினா எழ இடமில்லாது போயிற்று.

பல்லிகளின் வால் மீள வளரும் என்பதைக் கிறித்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் குறித்துள்ளார். எனினும், இது பரிசோதனைக்குரிய பொருளாகியது 18ஆம் நூற்றாண்டிலாகும். 1712இல் றெயோமூர் நன்னீர் நண்டினத்தின் கால்கள் மீள்வதை விவரித்தார். 1740இல் திறம்பிளே ஐதராவை வெட்டி, துண்டுகள் முழு உயிர்களாக வளர்வதைக் கண்டார். 1768இல் இத்தாலியரான ஸ்பல்லன்சானி, சலமந்தரின் வாலும் கால்களும் என்புகளோடு மீள்வதை வெளியிட்டார். சலமந்தர் தோற்றத்தில் பல்லியை ஒத்ததாயினும், தவளையைப் போன்று ஈரூடகவாழி வகுப்பைச் சேர்ந்தது. இலங்கையில் அது இயற்கையாக வாழ்வதில்லை; எமது ஈரூடகவாழிகள் தவளைகளும் காலற்ற குருட்டுப்புழுக்களுமேயாம். இந்தியாவிலே டார்ஜிலிங் மலைப்பகுதியின் குளங்களில் ஒரு சலமந்தர் இனம் உண்டு. அதுவும் ஒரு தேயிலை நாடே என்பது கருதத்தக்கது.

சலமந்தரின் வால் அறுந்ததும் மேற்றோற் கலங்கள் நகர்ந்து காயத்தை மூடுகின்றன. அதன் கீழே அரும்பு போன்றதொரு கலத்திரள் தோன்றிப் பெருகுகின்றது. முண்ணாணும் பின்னோக்கி நீள்கின்றது. அதன் கீழ்ப்புறத்தே முதலில் கசியிழையக் கோலொன்று உருவாகி, பின்னர் துண்டங்களாகப் பிரிந்து முள்ளென்புகளாகின்றது. தசையும் நரம்பும் அவ்வொழுங்குக்கு இயைய அமைகின்றன. மேல் எது, கீழ் எது என்ற வேறுபாடு இங்கு பேணப்படுகின்றது.

பல்லியின் நிலை வேறு. அதன் வால் முள்ளென்புகளில் முறிவதற்கென்றே அமைந்த தளங்கள் உள்ளன. தசை சுருங்க, அத்தளத்தில் வால் கழல்கின்றது. மீண்டு வரும் வாலிலோ முள்ளென்புகள் தோன்றுவதில்லை. துண்டங்களற்ற ஒரே கசியிழையக் குழாய், புதிய முண்ணாணைச் சுற்றிவர அமைகின்றது. முறிவுத் தளமும் அதில் இல்லை. ஆதலால் இரண்டாம் முறை கழல்வதாயின், எஞ்சியுள்ள பழைய வாற்பகுதியிலேயே அது நிகழ வேண்டும்.

இவ்வேறுபாட்டின் காரணம் முண்ணாணிலேயே இருப்பது படிப்படியாகத் தெளிவாயிற்று. சலமந்தரின் முண்ணாணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் கசியிழையமும் இடம் மாறித் தோன்றும் என்பதை 1956இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. 2018இல் வெளியான ஆய்வு, பல்லியின் புதிய முண்ணாணில் எல்லாக் கலங்களும் கீழ்ப்புறக் கலங்களின் இயல்பையே கொண்டிருப்பதை எடுத்துக்காட்டியது. எல்லாப் பக்கமும் 'கீழ்' என்றாகிவிடவே, எல்லாப் பக்கமும் கசியிழையம் உண்டாகின்றது. 2021இல் அமெரிக்காவில் தோமஸ் லொசிற்றோவின் குழுவினர், அக்கட்டளைக்கு இணங்காதவாறு பரம்பரையலகு மாற்றப்பட்ட முளைய நரம்புக் கலங்களை வளர்ந்த பல்லியின் அறுந்த வாலிற் பதித்து, மேல் கீழ் வேறுபாடுடைய வாலை வளரச் செய்தனர். அவர்கள் பயன்படுத்திய பல்லி, ஆணின்றிப் பெண்களாகவே பெருகும் ஒரு சிற்றினம். அவ்வினம் இலங்கையிலும் வாழ்கின்றது.

இங்கேதான் இவ்வரலாறு எம்மைச் சிந்திக்க வைக்கின்றது. உலக ஆய்வுகூடங்களை எட்டிய பல்லியினம் எமது தீவிலும் உண்டு. புதிய வாலின் வேறுபாட்டைக் கண்ட கண்களும் எமது தோட்டங்களில் உண்டு. அக்கண்களுக்குக் கிட்டாதது கல்வியேயாகும். தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் ஆரம்ப வகுப்புகளுக்கு அப்பாற் செல்லவில்லை. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரும், உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழிற் கற்கும் வாய்ப்பு இம்மாவட்டங்களில் அரிதாகவே இருந்துவந்துள்ளது. பெயரளவில் பாடசாலை எழுவதும், ஆசிரியரும் ஆய்வுகூடமும் நூலும் அதனதன் இடத்தில் அமைவதும் ஒன்றல்ல. வளர்ந்ததெல்லாம் ஒழுங்கு பெற்றதாகாது என்பதற்குப் பல்லியின் வாலே சான்று.

லயத்து வாசலில் துடிக்கும் வாலைக் கண்டு "ஏன்?" என்று கேட்கும் பிள்ளைக்கு இன்று முதலில் விடை கூறுவது பஞ்சாங்கமே. அவ்விடத்தை உயிரியல் பெறுதல் வேண்டும்; அதுவும் அப்பிள்ளையின் மொழியிலேயே பெறுதல் வேண்டும். தமிழில் ஆய்வு செய்வோராகிய எமது கடமை இதுவென்று கருதுகின்றோம்.