ஸாயிஸும் ஸியாஸத்தும்

அரியாங்குப்பத்தை ஒட்டிய அரிக்கமேடு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் வணிகம் கண்ட மண். பிற்காலத்தில் அரபியர் இக்கரையை 'மஅபர்' என்றழைத்தனர். கொல்லம் முதல் நெல்லூர் வரை அது நீண்டிருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், கைஸ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை இங்கு அனுப்புவதென உடன்பாடு இருந்ததையும் அவரே குறிக்கிறார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலமே விலை தந்தது.

இத்தனை பொன் கொடுத்தும் லாயங்கள் செழிக்கவில்லை. வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால் ஆகியவற்றை ஊட்டினர். வலிய குதிரைகளும் விரைவில் நலிந்தன என்கிறார் வஸ்ஸாஃப். பேணத் தெரிந்தோர் இன்மையால் பெரும்பாலானவை மடிந்ததாக மார்க்கோ போலோவும் கூறுகிறார். இவை அயலார் கூற்றுகளே. எனினும் இரண்டும் ஒன்றையே உணர்த்துகின்றன. குறை அன்பில் இல்லை, அறிவில் இருந்தது.

அரபியில் குதிரை பேணுபவர் 'ஸாயிஸ்'. ஆட்சிக் கலை 'ஸியாஸத்'. இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். குதிரை வணிகர் ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டியரின் அமைச்சராகவும் விளங்கியதை இங்கு நாம் நினைவுகூரலாம்.

வேளை தவறாமல் எழுதல், தீனியை அளந்து வைத்தல், பேசாத உயிரின் நோவைக் குறிப்பால் உணர்தல், சினம் அடக்கல், உடன் உழைப்போருடன் இணங்கிப் போதல் ஆகியவற்றை லாயத்தில் பயின்றவர் மனிதரோடும் வாழப் பயில்கிறார். பிள்ளைகளின் கையில் கடிவாளத்தைத் தருமுன் தீனிக் கூடையைத் தருவதே முறை என்போம்.