உடற்பயிற்சிப் பரிந்துரைத் திட்டம்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் போன்ற நாள்பட்ட நோயுள்ளவர்களை, ஊருக்குள்ளேயே மேற்பார்வையுடன் நடக்கும் பயிற்சிக்கு மருத்துவர் அனுப்பிவைக்கும் முறை. 1990களில் பிரிட்டனில் பரவியது. நோய் ஏதுமின்றிச் சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்காக மட்டும் இதற்குச் செலவழிக்க வேண்டாம் என்று 2014இல் அங்கு வழிகாட்டுதல் வந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கியவை இரண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர் வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறார். இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. 2023 நவம்பரில் வந்த ‘நடப்போம் நலம் பெறுவோம்’ மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது. முதலாவதில் நோயாளி இருக்கிறார், இரண்டாவதில் நடை இருக்கிறது. இரண்டும் கைகோத்தால்தான் பரிந்துரைத் திட்டம்.

பயிற்சியின்போது சுருங்கும் தசை இன்சுலின் துணையின்றியும் இரத்தச் சர்க்கரையை உள்ளிழுக்கும். சாப்பிட்டபின் 10 நிமிட நடைக்கும் பலனுண்டு. தொடைத்தசை வலுத்தால் முழங்கால் வலி தணியும். இன்சுலின் போடுபவர்களுக்குத் தாழ்சர்க்கரை வரலாம்; காலில் புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே நடக்க வேண்டும்.

பனியன் தொழில் நகரான திருப்பூரில் இப்படி நடப்பதற்குச் சிக்கல் நேரம்தான். ஒன்றரை ஷிப்ட் ஓடும் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர் கழுத்தை வளைத்தபடியே இருப்பார். செக்கிங் மேசையில் நிற்பவருக்குக் கால் வீங்கும். பீஸ் ரேட்டில் எழுந்து நடந்தால் கூலி போகும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்தைச் சொல்கிறது. காலை, மாலை டீ இடைவேளையில் பத்துப் பத்து நிமிடம் விறுவிறுவென நடந்தால் ஆறு நாளில் 120 தேறும் (போண்டாவைத் தொடாவிட்டால் இன்னும் நல்லது). மீதி 30, ஞாயிறு காலையில்.