பிஸ்மத் நிலையான தனிமம் அல்ல: அரிய அணுச் சிதைவைக் காட்டிய ஒளிரும் படிகங்கள்

கதிரியக்கமற்ற தனிமங்களில் மிகக் கனமானது எது என்ற கேள்விக்குப் பாடநூல்கள் நெடுங்காலம் அளித்துவந்த விடை பிஸ்மத். 2003ஆம் ஆண்டில் அந்த விடை திருத்தப்பட்டது. பாரிஸ் அருகே ஓர்சேயில் உள்ள விண்வெளி வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிஸ்மத்-209 அணுக்கருவும் ஆல்ஃபா துகளை உமிழ்ந்து தாலியம்-205 ஆக மாறுகிறது என்று 'நேச்சர்' ஆய்விதழில் அறிவித்தனர்.

இதன் அரை ஆயுட்காலம் சுமார் 1.9 லட்சம் கோடி கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளைவிட இது 100 கோடி மடங்குக்கும் அதிகம். எனவே, அன்றாடப் பயன்பாட்டில் பிஸ்மத்தின் கதிரியக்கம் பொருட்படுத்தத் தக்கதன்று. இத்தகைய அரிய நிகழ்வைப் பதிவு செய்ய உதவியவை ஒளிரும் படிகங்கள்.

வெப்பமும் ஒளியும்

பிஸ்மத், ஜெர்மானியம், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்த படிகத்தையே ஆய்வாளர்கள் உணர்கருவியாகப் பயன்படுத்தினர். சிதையும் அணு படிகத்தின் உள்ளேயே இருப்பதால், வெளிப்படும் ஆற்றல் தப்பிச் செல்வதில்லை.

படிகம் தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் 0.02 டிகிரி என்ற அளவுக்குக் குளிர்விக்கப்பட்டது. அந்நிலையில் ஒரேயொரு அணுவின் சிதைவும் அளக்கக்கூடிய வெப்ப உயர்வை ஏற்படுத்துகிறது. அதே கணத்தில் படிகம் மெல்லிய ஒளியையும் உமிழ்கிறது. அதனை அருகிலுள்ள மற்றோர் உணர்கருவி பதிவு செய்கிறது.

ஒரே அளவு வெப்பத்தை உண்டாக்கும்போதும், ஆல்ஃபா துகள் தரும் ஒளி பீட்டா, காமா கதிர்கள் தருவதைவிடக் குறைவு. இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால் வந்தது எந்தத் துகள் என்பது தெரிந்துவிடும்.

அடுத்த தேடல்

இதே உத்தி தற்போது, இதுவரை எவரும் கண்டிராத மற்றொரு சிதைவைத் தேட உதவுகிறது. 'நியூட்ரினோ இல்லா இரட்டை பீட்டா சிதைவு' எனப்படும் அந்நிகழ்வு உறுதியானால், நியூட்ரினோவும் அதன் எதிர்த்துகளும் ஒன்றே என்பது நிரூபணமாகும். பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருளைவிடப் பொருள் மிகுந்திருப்பது ஏன் என்ற புதிருக்கும் அது வழிகாட்டக்கூடும்.

இத்தாலியின் கிரான் சாசோ மலையில், சுமார் 1,400 மீட்டர் பாறைக்கு அடியில் அமைந்த 'கியூரே' ஆய்வு, 988 டெல்லூரியம் டை ஆக்சைடு படிகங்களில் எழும் வெப்பத்தை மட்டுமே அளந்தது. சுற்றியுள்ள பொருள்களின் மேற்பரப்பிலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களைப் பிரித்தறிய இயலாதது அதற்குப் பெரும் தடையாக இருந்தது.

அதன் வழித்தோன்றலாகத் திட்டமிடப்பட்டுள்ள 'கியூபிட்' ஆய்வில், மாலிப்டினம்-100 செறிவூட்டப்பட்ட சுமார் 1,600 லித்தியம் மாலிப்டேட் படிகங்கள் இடம்பெறவுள்ளன. இவை வெப்பத்துடன் ஒளியையும் தரும். தென்கொரியாவின் 'அமோர்' ஆய்வும் மாலிப்டினம் படிகங்களைக் கொண்டே நடத்தப்படுகிறது.

ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கிடைக்கும் சமிக்ஞை ஒன்றிரண்டாகவே இருக்கலாம். அது உண்மையான சிதைவா, வழிதவறி வந்த ஆல்ஃபா துகளா என்பதைத் தீர்மானிக்கப்போவது படிகம் உமிழும் அந்த மெல்லிய ஒளியே.