மார்த்தாண்டம் தேனும் அரிசிப்பாகும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தேன்பெட்டி வளர்ப்பு வேரூன்றியது 1920களில். மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராமப் பயிற்சியில் கோழியோடு தேனீயும் இடம்பெற்றது. பின்னாளில் ரப்பர் தோட்டங்கள் கைகொடுத்தன. துளிர் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பே பெட்டியை நிரப்பிவிடும், பூகூட வேண்டாம்!

1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தேனீப் புழுக்களைப் பைபோல ஊதவைத்துக் கொன்றது. பெட்டிகள் காலியாயின.

மீண்டு வந்தவர்களுக்கு அடுத்த எதிரி, தேனில் கலக்கப்படும் பாகு. கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரையைக் கார்பன் சோதனை காட்டிக்கொடுக்கும். அரிசிப்பாகு அதில் தப்பிவிடும். தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்க்கும் வீட்டுச் சோதனையெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 2020இல் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் ஆராய்ந்த 13 பிராண்டுகளில் எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றே. வாங்கியவர் தேன் விலைக்குச் சர்க்கரை குடித்தார். பெட்டி வைத்தவரோ பாகின் விலையோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று.