ரம்மி ஆட்டத்தில் கை சேர்த்தல்

ரம்மி என்பது, பங்கிடப்பட்ட சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தும் கழித்தும், அவற்றை ஒன்றோடொன்று தொடர்புடைய கோவைகளாகச் சேர்த்து, எதிராளிக்கு முன்னரே முழுக் கையையும் ஒழுங்குபடுத்தி முடிப்பதை நோக்கமாகக் கொண்ட சீட்டாட்டமாகும். தமிழ்நாட்டில் பெருவழக்காக இருப்பது பதின்மூன்று சீட்டு ரம்மி. ஜீயபுரம், ஸ்ரீரங்கம் முதலிய காவிரிக் கரையூர்களின் திண்ணைகளிலும், திருச்சிராப்பள்ளி போன்ற நகரங்களின் மனமகிழ் மன்றங்களிலும், விடுமுறைக்குக் கூடும் உறவினர் நடுவிலும் இது நெடுங்காலமாக ஆடப்பட்டு வருகிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்போர் விரிக்கும் பரமபத சோபானத்தில், ஏணியும் பாம்பும் தாயக்கட்டையின் வீழ்ச்சியைப் பொறுத்தே அமைவதால், ஆடுபவனுடைய புத்திக்கு அங்கே வேலையில்லை. ரம்மியிலோ, சீட்டு வருவது அதிர்ஷ்டத்தின் பாற்பட்டதாயினும், வந்த சீட்டில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்னும் நிர்ணயம் முழுவதும் ஆடுபவனுடையது.

வரலாறு

இந்தியாவில் சீட்டாட்டம் புதியதன்று. பாபர் 1527ஆம் ஆண்டில் சிந்து தேசத்து ஷா ஹசனுக்குக் கஞ்சிபா சீட்டுகளை அனுப்பிய செய்தி அவருடைய நினைவுக் குறிப்பிலேயே காணப்படுகிறது. எட்டு வகையாகப் பிரிந்த 96 சீட்டுகளைக் கொண்ட மொகலாயக் கஞ்சிபாவும், திருமாலின் பத்து அவதாரங்களைப் பத்து வகையாக அமைத்த 120 சீட்டுக் கஞ்சிபாவும் இந்நாட்டுக் கைவினைஞரின் படைப்புகள். இன்று வழங்கும் 52 சீட்டுக் கட்டு ஐரோப்பியரோடு வந்தது. ரம்மி இனத்து ஆட்டங்களுக்கு மூலம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெக்சிகோவில் ஆடப்பட்ட கான்கியன் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

சீட்டும் விதியும்

இரண்டு கட்டுகளும், கட்டுக்கு ஒன்றாக இரண்டு அச்சு ஜோக்கர்களும் சேர்ந்து 106 சீட்டுகள் ஆட்டத்துக்கு வருகின்றன. ஒவ்வொருவருக்கும் பதின்மூன்று சீட்டுகளைப் பங்கிட்டபின், கட்டிலிருந்து ஒரு சீட்டை வெட்டிப் புரட்ட, அந்த எண்ணுள்ள சீட்டுகள் அனைத்தும், வேறெந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கவல்ல வெட்டு ஜோக்கராகின்றன. ஆர்ட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் என்னும் நான்கு இனங்களுள் ஒரே இனத்தில் அடுத்தடுத்த எண்களாக மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால் அது ரம்மி. ஒரே எண் வெவ்வேறு இனங்களில் மூன்றோ நான்கோ சேர்ந்தால் அது செட்டு. ஜோக்கரின் உதவியின்றிச் சேர்ந்த ரம்மி ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். அதை ஆட்டக்காரர் ‘லைப்’ என்பர். அதனோடு இரண்டாவது ரம்மியும் அமைந்து, எஞ்சியவையும் கோவையில் அடங்கிவிட்டால், புதிதாக எடுத்ததால் மிகும் பதினான்காவது சீட்டை மூடி வைத்து ‘டிக்’ அடித்து ஆட்டத்தை முடிக்கலாம். தோற்றவர் கையில் கோவையில் சேராத சீட்டுகள் எண்ணிக்கையாகக் கணக்கிடப்படும்: ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றுக்கும் 10, மற்றவற்றுக்கு அவற்றின் எண், ஜோக்கருக்கு ஒன்றுமில்லை. லைப் சேராதவருக்கு எல்லாச் சீட்டும் கணக்கில் வரும். எனினும் 80க்கு மேல் ஏற்றுவதில்லை. தொடக்கத்திலேயே விலகுபவர் 20 எண்ணிக்கையும், நடுவில் விலகுபவர் 40 எண்ணிக்கையும் ஏற்பது பரவலான வழக்கம்.

கை அமைக்கும் முறை

பதின்மூன்று என்பது மூன்றால் வகுபடாத எண்ணாதலின், நான்கு கோவைகளாகப் பிரித்தால் மூன்று கோவைகள் மும்மூன்றாகவும் ஒன்று நான்காகவும் அமைந்தே தீரவேண்டும். இந்த வடிவத்தை முதற்சீட்டு எடுக்குமுன்பே மனத்தில் நிறுத்தி, எந்தக் கோவை நீளக்கூடியது என்பதைக் கண்டுகொள்பவனே கடைசிச் சீட்டுக்காகத் தவிக்காமல் ஆட்டத்தை முடிப்பவன்.

அரைகுறையாகச் சேர்ந்த சீட்டுகளுக்கு, அவற்றை நிறைவு செய்யக்கூடிய சீட்டுகள் எத்தனை என்பதே மதிப்பு. ஆர்ட்டின் 6, 7 இரண்டும் கையிலிருந்தால் 5 வந்தாலும் 8 வந்தாலும் ரம்மியாகும். கட்டுகள் இரண்டாதலின் அவ்விதம் உதவக்கூடியவை நான்கு சீட்டுகள். 6, 8 என்று இடைவெளி விட்டு இருந்தாலோ 7 ஒன்றுதான் பொருந்தும். அதற்கு உரியவை இரண்டே. ஏஸும் 2-ம் சேர்ந்த ஓரச் சேர்க்கைக்கும் 3 ஒன்றே துணை. வெவ்வேறு இனத்து எட்டுகள் இரண்டிருப்பின், மற்ற இரு இனங்களிலிருந்தும் நான்கு சீட்டுகள் செட்டை நிறைவு செய்யும். இவற்றினும் சிறந்தது, ஆர்ட்டின் 7, ஆர்ட்டின் 8, இஸ்பேட் 8 என்று ரம்மிக்கும் செட்டுக்கும் ஒரே சீட்டு பொதுவாக நிற்கும் முக்கோணச் சேர்க்கை: ஆர்ட்டின் 6, 9 ஆகியவற்றில் நான்கும், டைமன், கிளாவர் எட்டுகளில் நான்குமாக எட்டுச் சீட்டுகள் அதற்கு வழிதிறக்கும். தனிச்சீட்டுகளிலும் இவ்வேற்றத்தாழ்வு உண்டு. 3 முதல் ராணி வரையுள்ள ஒவ்வொரு சீட்டும் மூன்று விதமான மூன்று சீட்டு ரம்மிகளில் இடம் பெறக்கூடியது. ஏஸ், 2, ராஜா ஆகியவற்றுக்கோ இரண்டே விதம்.

ஒரு கையின் ஆராய்ச்சி

வெட்டிய ஜோக்கர் கிளாவர் 4 என்றும், கைக்கு வந்தவை டைமன் 10, ஜாக்கி, ராணி, ஆர்ட்டின் 7, 8, இஸ்பேட் 8, கிளாவர் 2, 3, இஸ்பேட் 4, இஸ்பேட் ராஜா, ஆர்ட்டின் ராஜா, டைமன் 5, கிளாவர் 9 என்றும் கொள்வோம். டைமன் மூன்றும் லைப்பாக அமைந்துவிட்டமையால் முதற்கவலை தீர்ந்தது. இஸ்பேட் 4 ஜோக்கராதலின், அதை எங்கே வைப்பது என்பதே அடுத்த கேள்வி. ஆர்ட்டின் 7, 8-க்குத் துணையாக வைக்கும் ஆசை எழுவது இயல்பு. ஆயினும் அந்தச் சேர்க்கை தன்பலத்தாலேயே நிறைவடையக்கூடியது. கிளாவர் 2, 3-க்கோ கிளாவர் ஏஸ் இரண்டும், புரட்டப்பட்டது போக எஞ்சிய கிளாவர் 4 ஒன்றும் தவிர வேறு கதியில்லை. வலியதைத் தனியே விட்டு நலிந்ததற்கு ஜோக்கரைத் துணையாக வைப்பதே விவேகம். அவ்வாறு வைத்தவுடன் இரண்டாவது ரம்மியும் கைகூடுகிறது.

இந்நிலையில் எதிராளி டிக் அடித்தாலும் எண்ணிக்கை 57க்கு மேற்படாது. அதில் 20 இரண்டு ராஜாக்களாலேயே வருவது. டைமன் ராஜா வந்தால் அது செட்டை நிறைவு செய்யவும் உதவும், லைப்பை நான்கு சீட்டாக நீட்டவும் உதவும் என்பதால், சில சுற்றுகள் அவற்றை வைத்துக்கொள்வதில் நியாயமுண்டு. முதலில் கழிக்கத்தக்கது எதனோடும் ஒட்டாத கிளாவர் 9. பின்னர் டைமன் 5. ஆர்ட்டின் 6 அல்லது 9 கைக்கு வந்த கணத்தில், அதுவரை அருமையாக வைத்திருந்த இஸ்பேட் 8 உபரியாகிவிடும். அதன்மேல் பற்று வைக்காமல் விடத் தெரிதல் வேண்டும்.

செம்மை செய்தல்

தொடக்கத்தில் வகுத்த திட்டம், கழிக்கப்படும் சீட்டுகளைக் கண்டு கண்டு திருத்தப்பட வேண்டியது. ஆர்ட்டின் 8 இரண்டும் கீழே விழுந்துவிட்டால், 6, 7-க்கான வாய்ப்பு பாதியாகக் குறைகிறது. ஆர்ட்டின் 5 இரண்டும் கூடப் போய்விட்டால் அந்தச் சேர்க்கை உயிரற்றது. ஞாபகசக்தி இவ்வாட்டத்தின் உயிர்நாடி என்று சொல்வதன் காரணம் இதுவே. எதிராளி, கழிக்கப்பட்டுக் கீழே கிடக்கும் இஸ்பேட் 9-ஐ எடுத்தால், அவனுக்கு இஸ்பேட் 8, 10 ஆகியவற்றையும் பிற ஒன்பதுகளையும் கொடாதிருத்தல் வேண்டும். ஆகவே, கீழிருந்து சீட்டெடுப்பவன் தன் மனத்தையும் உடன் வெளிப்படுத்துகிறான் என்பதை மறவாமல், அவசியமின்றிக் கீழ்ச்சீட்டை எடுக்காதிருப்பதும் ஒரு யுக்தி. ஜோக்கர் எண்ணுக்கு அண்டையிலுள்ள சீட்டுகள் கழிப்பதற்கு ஓரளவு அபாயமற்றவை. ஜோக்கராகப் பயன்படக்கூடிய சீட்டை லைப்பில் வைத்துச் செலவிட எவரும் எளிதில் விரும்பமாட்டார். லைப்புக்கு வழியே தென்படாத கையை முதலிலேயே மடக்கி 20-ஐ ஏற்பதும் ஆட்டத்திறனின் ஓர் அங்கமேயன்றிக் கோழைத்தனமாகாது.

பிறநாட்டு ஒப்புமை

அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் கார்பீல்டு வகுத்து 1993இல் வெளிவந்த மேஜிக்: தி கேதரிங் ஆட்டத்தில், குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட கட்டை ஆட்டக்காரனே முன்கூட்டி அமைத்துக்கொள்கிறான், அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாக ஒரே சீட்டை நான்குக்கு மேல் வைக்கலாகாது. தனித்தனியே சாதாரணமான இரண்டு மூன்று சீட்டுகள் சேரும்போது வெற்றியே கிட்டுமாறு அமைத்த கட்டை காம்போ கட்டு என்பர். அங்கே வீட்டிலிருந்து நிதானமாகச் செய்யும் கட்டமைப்பை, ரம்மி ஆடுபவன் ஆட்டத்தின் நடுவிலேயே, யாவருக்கும் பொதுவான கட்டிலிருந்து செய்தாக வேண்டும். இருவருக்கும் பொதுவான தத்துவம் ஒன்று: தனிச்சீட்டின் மதிப்பைவிடச் சேர்க்கையின் மதிப்பே பெரிது.

சட்டத்தின் பார்வை

சென்னை மாகாணத்தின் 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் திறனாட்டங்களுக்கு விலக்கு அளித்தது. செகந்திராபாத் மன்றமொன்றின் மீது எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1967 நவம்பரில் வழங்கிய தீர்ப்பு, விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்தும், தக்கதை வைத்துத் தகாததைக் கழித்தும் கை சேர்ப்பதில் கணிசமான திறமை வேண்டியிருப்பதால், ரம்மி பெரும்பாலும் திறனாட்டமே என்று கூறியது. இணையவழி ரம்மியில் பொருளிழந்து உயிரையும் மாய்த்துக்கொண்டோரின் துயரம் தமிழ்நாட்டில் தடைச் சட்டங்களுக்குக் காரணமாயிற்று. 2021இல் இயற்றிய சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் நீக்கிற்று; 2023இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தை அவ்வாண்டு நவம்பரில் ஏற்றபோதிலும், ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலிலிருந்து விலக்கிற்று. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், திறன், அதிர்ஷ்டம் என்ற பேதமின்றிப் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது.

மதிப்பீடு

சூதின் கேட்டைத் திருக்குறள் 94ஆம் அதிகாரத்தில் பத்துப் பாக்களால் எடுத்துரைக்கிறது. நீதிமன்றம் ரம்மியில் கண்ட திறமையும், குடும்பங்கள் அதனால் அடைந்த நாசமும் ஒருங்கே உண்மை. நாசம் பந்தயப் பணத்தோடு வந்தது. திறமைக்கு அப்பணத்தால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. வாய்ப்புகளை எண்ணுதல், நினைவில் இருத்துதல், பயனற்றதைப் பற்றின்றி விடுதல் என்னும் பயிற்சிகள் யாவும், தாளில் எண்ணிக்கை மட்டும் எழுதி ஆடும் ஆட்டத்திலேயே பூரணமாகக் கிடைக்கின்றன. ரம்மியைக் கற்பிப்போர் அதை அவ்விதமே கற்பித்தல் வேண்டும்.